பனி விட்டதும் ட்ரௌட் ஏரிக்கு: ஃப்ளை தூண்டில் சாமான்களில் வரும் கோளாறுகளும் அவற்றைச் சரிசெய்யும் முறையும்

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், கம்லூப்ஸைச் சுற்றியுள்ள ட்ரௌட் ஏரிகளில் தாழ்வாகக் கிடப்பவை ஏப்ரல் நடுவாக்கில் பனி விடும், அதாவது மேலே உறைந்த பனிக்கட்டி உருகித் தண்ணீர் தெரியும். டங்க்வா, லாக் லு ஜூன் போல 1,100 மீட்டருக்கு மேலே இருப்பவை ஏப்ரல் கடைசியிலோ மே தொடக்கத்திலோதான் திறக்கும். முதல் நாள் கரையில் நின்று சலித்துக்கொள்பவர்களின் சாமான்களைப் பார்த்தால், பெரும்பாலான பழுது ஏரியில் உண்டானதாக இருக்காது. இலையுதிர் காலத்தில் ஈரத்தோடு சுருட்டி கராஜில் போட்டபோதே உண்டானது.

ஆகவே புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பே எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். பசை காய ஒரு நாள், கடையில் சொல்லி வைத்தது வர ஒரு வாரம் என்று கணக்கு வைத்தால் இரண்டு வாரம் சரியாக இருக்கும். கீழே உங்களுக்குத் தெரியும் அறிகுறியைத் தேடி அங்கிருந்து தொடங்குங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், பணம் பிடுங்கும் காரணம் கடைசியில்.

லைன் சுருள் சுருளாக வருகிறது

முதலில் இது சுருளா முறுக்கா என்று பிரித்துப் பாருங்கள். இரண்டுக்கும் மருந்து வேறு.

*ரீலின் வட்டத்துக்குச் சமமான வளையங்களாக, ஸ்பிரிங் போல நிற்கிறதா?* ஆறு மாதம் ரீலில் கிடந்த நினைவு அது. கை பொறுக்கும் வெந்நீரில் லைனைத் தளர்வாக அரை மணி நேரம் ஊறப்போடுங்கள். பிறகு இரண்டு கைக்கும் நடுவே ஒரு மீட்டர் ஒரு மீட்டராக இழுத்துச் சில விநாடி பிடித்து விடுங்கள். முதல் 15 மீட்டருக்குச் செய்தால் போதும், அதற்குமேல் நீங்கள் வீசப்போவதில்லை. வெடுக்கென்று இழுக்காதீர்கள், மேல்பூச்சு உள்நூலை விட்டுக் கழன்றுவிடும்.

*தளர விட்டதும் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு முடிச்சாகிறதா?* இது முறுக்கு. ஃப்ளையை (பூச்சி போலக் கட்டிய முள்) வெட்டி எடுத்துவிட்டு, வெறும் லைனைப் படகுக்குப் பின்னால் நீளமாக விட்டு ஐந்து நிமிடம் மெதுவாகத் துடுப்புப் போடுங்கள். தானே அவிழும். படகு இல்லையென்றால் புல்தரையில் இழுத்துக்கொண்டு நடந்தாலும் ஆகும். கல், மண், தார் உள்ள இடத்தில் வேண்டாம்.

வீட்டில் நேராக இருந்த லைன் ஏரியில் மட்டும் கம்பியாக விறைத்தால், அது வெப்பமண்டலக் கடலுக்கென்று செய்த லைனாக இருக்கலாம். சூட்டில் தொய்யாமலிருக்க அதன் பூச்சைக் கடினமாகச் செய்திருப்பார்கள். 6 டிகிரி தண்ணீரில் அதை யாராலும் வழிக்குக் கொண்டுவர முடியாது. குளிர்நீர் லைன் வாங்குவதுதான் வழி. ரீலின் நடு உருளை சிறுத்திருந்தாலும் சுருள் திரும்பத் திரும்ப வரும். அடியில் பேக்கிங் நூலைக் கூட்டிச் சுற்றினால் வட்டம் பெரிதாகும். புது ரீல் வாங்கும் யோசனை அதற்குப் பிறகு வரட்டும்.

மிதக்க வேண்டிய லைன் மூழ்குகிறது

தள்ளிவிடுவதற்காக எடுத்து வைக்கும் லைன்களில் பாதி, கழுவினால் மிதப்பவை. ஒரு வாளித் தண்ணீரில் முதல் 3 மீட்டரைப் போட்டுப் பாருங்கள்.

முழு நீளமும் மெல்ல அமிழ்ந்தால் அழுக்கு. விரலால் உருவினால் கறுப்பு ஒட்டும். கழுவும் முறை:

1. வெதுவெதுப்பான நீரில் சில சொட்டு மென்மையான சோப்பு. துணி துவைக்கும் பொடி, கறை நீக்கி எதுவும் கூடாது. அவை பூச்சிலுள்ள வழவழப்பையும் சேர்த்து எடுத்துவிடும்.
2. லைனைத் தளர்வாக விட்டு 15 நிமிடம் ஊறவையுங்கள்.
3. மைக்ரோஃபைபர் துணியால் இரண்டு முறை உருவுங்கள். துணி கறுத்தால் இன்னொரு முறை.
4. சுத்தமான நீரில் நன்றாக அலசுங்கள். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒட்டியிருக்கும் சோப்பு நீரின் மேற்பரப்பு இழுவிசையைக் குறைத்து, கழுவிய லைனையே மூழ்கடிக்கும்.
5. காய்ந்த பின் லைன் கிரீமை மிக மெல்லியதாகத் தடவி, கொஞ்ச நேரம் விட்டுத் துடைத்துவிடுங்கள். தடித்துப் பூசினால் அதுவே அடுத்த அழுக்கைப் பிடித்து வைக்கும்.

நுனி 30 சென்டிமீட்டர் மட்டும் அமிழ்ந்தால் லீடர் (லைனையும் ஃப்ளையையும் இணைக்கும் நரம்பு) மாட்டும் வளையத்தின் அடியைப் பாருங்கள். அங்கே பூச்சு வெடித்து உள்நூல் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருக்கும். சின்ன வெடிப்பென்றால் லைனை ஒரு நாள் காயவிட்டு, வளைந்துகொடுக்கும் நீர்புகாப் பசை ஒரு பொட்டு. பெரிதென்றால் வளையத்தை வெட்டிவிட்டு லீடரை ஆணி முடிச்சால் கட்டுங்கள். நுனியில் 20 சென்டிமீட்டர் போனதால் வீச்சில் வித்தியாசம் தெரியாது.

வளைத்துப் பார்க்கும் இடமெல்லாம் மயிரிழை வெடிப்பு தெரிந்தால் லைனின் ஆயுள் முடிந்தது. கொசு விரட்டியில் உள்ள டீட், சன்ஸ்க்ரீன், பெட்ரோல் மூன்றும் இந்தப் பூச்சுக்கு எமன்கள். மருந்து பூசிய கையால் லைனைத் தொடாதீர்கள். புதிது வாங்குமுன் பழைய பெட்டியைப் பாருங்கள். இரு முனையும் ஒரே மாதிரி மெலியும் டபுள் டேப்பர் என்றால், கழற்றித் திருப்பிச் சுற்றினால் அடியில் புது லைன் காத்திருக்கிறது. முன்பக்கம் மட்டும் கனமான வெயிட் ஃபார்வர்டுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

வீச்சு தூரம் போகவில்லை

லைன் அழுக்கா என்று முதலில் பாருங்கள் (மேலே சொன்னது). அடுத்து கோலின் வளையங்கள்: ஒவ்வொன்றின் உள்ளேயும் பஞ்சு சுற்றிய குச்சியை விட்டுச் சுழற்றுங்கள். பஞ்சு சிக்கினால் அங்கே தேய்ந்து பள்ளம் விழுந்திருக்கிறது, அல்லது பீங்கான் உள்வளையம் விரிசல் விட்டிருக்கிறது. அது லைனையும் அறுத்துக்கொண்டே இருக்கும். வளையம் மாற்றுவது நூல் சுற்றி எப்பாக்ஸி பூசும் வேலை. கோல் செய்பவரிடம் கொடுங்கள்.

இரண்டும் சரியென்றால் கோலுக்கும் லைனுக்கும் உள்ள எடைப் பொருத்தம். பெயர்ச்சீட்டு இல்லாத லைனை நகைக்கடைத் தராசு போல 0.1 கிராம் காட்டும் தராசில் நிறுக்கலாம். முதல் 30 அடி, அதாவது 9.1 மீட்டர், 5 எண் லைனுக்கு ஏறத்தாழ 9.1 கிராமும் 6 எண்ணுக்கு 10.4 கிராமும் இருக்கும். இப்போது வரும் பல லைன்கள் எழுதியிருக்கும் எண்ணைவிட அரை எண்ணோ ஒரு எண்ணோ கனமாகவே வருகின்றன. கோல் மந்தமாக மடங்கினால் லைன் கனம். விறைப்பாக நின்று லைனைத் தூக்க மறுத்தால் லேசு.

கோலின் துண்டுகள் பொருந்தவில்லை அல்லது பிரியவில்லை

*வீசும்போது நுனித்துண்டு கழன்று பறக்கிறது.* இணைப்பின் ஆண் முனையைத் துடைத்து, மணமும் நிறமும் இல்லாத பாரஃபின் மெழுகை லேசாகத் தேயுங்கள். வளையங்கள் கால் சுற்று விலகியிருக்கும்படி நுழைத்து, நேராகத் திருகிக்கொண்டே அழுத்துங்கள். மணிக்கொரு தடவை இணைப்பைத் தொட்டுப் பாருங்கள். தளர்ந்த இணைப்போடு வீசினால்தான் பெண் முனை நெடுக்கில் பிளக்கிறது. வீசும்போது "டிக்" என்று சத்தம் கேட்டால் அன்றைக்கு அந்தக் கோலை நிறுத்திவிடுங்கள்.

*பிரிய மறுக்கிறது.* இடுக்கி வேண்டாம், சூடு வேண்டாம், வளையத்தைப் பிடித்துத் திருகவே வேண்டாம். இரண்டு பேர் எதிரெதிரே நின்று, இணைப்பின் இரு பக்கத்திலும் ஆளுக்கொரு கை வைத்து, திருகாமல் நேராக இழுங்கள். தனியாக இருந்தால் ரப்பர் கையுறை போட்டு, குந்தி, கோலை முழங்காலுக்குப் பின்னே வைத்துக் கைகளால் இரு பக்கமும் பிடித்து, முழங்கால்களை விரித்து இழுக்கலாம். அதற்கும் அசையாவிட்டால் இணைப்பின் மேல் பத்து நிமிடம் பனிக்கட்டி வைத்து மறுபடி. இரண்டு முயற்சிக்குப் பிறகும் பிரியாத கோலை அப்படியே கடைக்கு எடுத்துப் போங்கள்.

பிளவு தெரிந்தால் வீட்டுப் பசை உதவாது. உத்தரவாதம் உள்ள கோலென்றால் அந்தத் துண்டை மட்டும் அனுப்பினால் போதுமா, முழுக் கோலும் வேண்டுமா என்று கேட்டு அனுப்புங்கள்.

ரீல் பிடிவாதம் செய்கிறது

*லைனை இழுத்தால் லேசு, சுற்றினால் கனம்.* பழுதே இல்லை. இடது கை, வலது கை மாற்றும் பகுதி தலைகீழாக மாட்டப்பட்டிருக்கிறது. ஸ்பூலைக் கழற்றி ஒருவழி உருளையைத் திருப்பிப் போடுங்கள்.

*பிரேக் முதலில் சிக்கி, பிறகு வெடுக்கென்று விடுகிறது.* குளிர்காலம் முழுக்க பிரேக்கை இறுக்கியே வைத்திருந்தால் தட்டுகள் ஒட்டிக்கொள்ளும். குமிழை முழுக்கத் தளர்த்தி, கையால் ஐம்பது முறை சுழற்றுங்கள். தக்கைத் தட்டு வைத்த பழைய ரீலுக்கு அதற்குரிய எண்ணெய் ஒரு சொட்டு. கார்பன் தட்டுக்கு எண்ணெய் தொடவே கூடாது.

*பிரேக் வழுக்குகிறது.* ஒருவழி உருளையில் கிரீஸ் அதிகம். துடைத்து உலர்த்துங்கள். அதுவும் இல்லையென்றால் பேக்கிங் நூலே நடு உருளையின் மேல் சுழல்கிறதா என்று பாருங்கள். கடைசி வரை உருவி, உருளையில் ஒரு சிறு ஒட்டுநாடா போட்டு அதன் மேல் கட்டினால் நிற்கும். மூடி முத்திரையிட்ட பிரேக்கைத் திறக்காதீர்கள், அது தயாரிப்பாளருக்குப் போகட்டும்.

நரம்பு அறுகிறது

லீடரின் கடைசியில் கட்டும் மெல்லிய நுனி நரம்பைத்தான் டிப்பெட் என்பார்கள். ஈழத்தில் தங்கூசி என்று கேட்டால் இந்த வகைதான் கிடைக்கும். அறுந்த முனையை எறியாமல் உற்றுப் பாருங்கள், காரணம் அதிலேயே எழுதியிருக்கும்.

- *பன்றிவால் போலச் சுருண்டிருக்கிறது:* முடிச்சு நழுவியது. கிளிஞ்ச் முடிச்சுக்கு ஐந்து சுற்று, எச்சிலால் நனைத்து மெல்ல இறுக்கல், வெட்டும்போது ஒரு மில்லிமீட்டர் வால். உலர்ந்தபடி இறுக்கினால் உராய்வுச் சூட்டிலேயே நரம்பு பலமிழக்கும்.
- *முனை நேராக வெட்டினது போல, பக்கத்தில் ஒரு சின்ன மணி:* காற்று போட்ட முடிச்சு. பலத்தில் பாதியை அது தின்றுவிடும். அவிழ்க்க முயலாதீர்கள், அந்தத் துண்டை மாற்றுங்கள்.
- *சொரசொரப்பு:* பாசி, கல், மீனின் பல், அல்லது மேலே சொன்ன பள்ளம் விழுந்த வளையம்.
- *எங்கே இழுத்தாலும் அறுகிறது:* பழைய நைலான். வெயில் படும் ஜன்னலோரத்திலோ காரின் முன்தட்டிலோ கிடந்த சுருள். ஒரு சாதாரண முடிச்சுப் போட்டு இழுத்துப் பாருங்கள். நூல் போலப் பட்டென்று போனால் குப்பைக்கு. ஃப்ளூரோகார்பன் வெயிலைக் கூடுதலாகத் தாங்கும்.
- *லீடரும் நரம்பும் சேரும் இடத்தில் மட்டும் அறுகிறது:* தடிமன் வித்தியாசம் அதிகம்.

தடிமனுக்கு ஒரு எளிய கணக்கு: 11-இலிருந்து நரம்புச் சுருளில் போட்டிருக்கும் எக்ஸ் எண்ணைக் கழித்தால் ஆயிரத்தில் எத்தனை அங்குலம் என்று வரும். 4 எக்ஸ் என்றால் 0.007 அங்குலம், அதாவது 0.18 மி.மீ. இரண்டு எண்ணுக்கு மேல் தாவிக் கட்டாதீர்கள். இந்த ஏரிகளில் வசந்தத்தில் 4 எக்ஸ் போதும். 6 எக்ஸ் போட்டு இரண்டு கிலோ ட்ரௌட்டை இழுப்பேன் என்பது வீம்பு.

அறுந்ததே இல்லை, ஆனால் மீன் மட்டும் நழுவுகிறது என்றால் முள்ளைப் பாருங்கள். நகத்தின் மேல் முனையை வைத்தால் குத்தி நிற்க வேண்டும். வழுக்கினால் அரத்தால் தீட்டுங்கள். ஈரத்தோடு மூடிய பெட்டியில் ஒரு முள் துருப்பிடித்தால் பக்கத்தில் இருப்பதும் பிடிக்கும். துருவேறியதைத் தீட்டிப் பயனில்லை.

வேடர்ஸ் உள்ளே நனைகிறது

நெஞ்சு வரை வரும் நீர்புகா உடை இது. பலர் ஓட்டையே இல்லாத வேடர்ஸில் ஓட்டை தேடிக் களைத்துப்போகிறார்கள். ஆகவே நனைந்த விதத்தை முதலில் பாருங்கள்.

*இரண்டு காலும் ஒரே மாதிரி லேசான ஈரம், ஏரியிலிருந்து தூரம் நடந்த பிறகு:* வியர்வை. உள்ளே பருத்தித் துணி போட்டிருந்தால் கட்டாயம் வியர்வைதான். கம்பளி அல்லது செயற்கை இழைக்கு மாறுங்கள். வெளித்துணியில் தண்ணீர் முத்தாக உருளாமல் ஊறிப் பரவினால் துணி மூச்சுவிடாது. கழுவி, நீர்விலக்கித் திரவம் தெளித்துக் காயவையுங்கள்.

*ஒரே இடத்தில் சில்லென்று ஈரம்:* ஊசித்துளை. உள்புறத்தை வெளியே திருப்பி, முழுக்கக் காயவைத்து, சந்தேகப்படும் இடத்தில் மருந்துக்கடை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தெளியுங்கள். கோர்-டெக்ஸ் துணியில் துளை இருக்கும் இடம் கரும்புள்ளியாகத் தெரியும். உடனே பென்சிலால் வட்டமிடுங்கள், ஆல்கஹால் ஆவியானதும் புள்ளி மறைந்துவிடும். வேறு துணிகளில் இது தெரியாமல் போகலாம். அப்போது இருட்டறையில் உள்ளே டார்ச் விட்டுப் பாருங்கள். முள்வேலி, மீன்முள், கூழாங்கல் மேல் முழங்காலிட்டது ஆகியவற்றால் வரும் துளைகள் முழங்காலிலும் பின்புறத்திலும்தான் அதிகம்.

*பாதம் மட்டும் நனைகிறது:* நியோப்ரீன் காலுறையின் தையல். அதற்குள் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டால் வெளியே முத்து கட்டும் இடம் தெரியும். பூட்ஸுக்குள் சரளைக்கல் போனதுதான் வழக்கமான காரணம்.

ஒட்டும் முறை இரண்டுக்கும் ஒன்று: ஆல்கஹாலால் துடைத்து, காயவிட்டு, அக்வாசீல் வகை யூரித்தேன் பசையைத் துளையைச் சுற்றி ஒரு சிறு காசு அளவு மெல்லப் பரப்பி, ஓர் இரவு முழுக்க விடுங்கள். இரண்டு மணி நேரத்தில் தொட்டால் காய்ந்ததுபோல இருக்கும், ஏமாறாதீர்கள். ஏரிக்கரையில் அவசரமென்றால் புறஊதாக் கதிரில் இறுகும் பசை சில நிமிடத்தில் வேலை முடிக்கும். பையில் ஒரு குழாய் இருக்கட்டும்.

தொடையிடுக்குத் தையலில் ஒட்டுநாடா உரிந்திருந்தால் வீட்டுப்பசை ஒரு பருவம்கூட நிற்பதில்லை. அதைத் தயாரிப்பாளருக்கு அனுப்புங்கள், அதுவும் பிப்ரவரியிலேயே. ஏப்ரலில் எல்லோரும் அனுப்புவார்கள். இடுப்புப் பட்டை இல்லாமல் எந்த வேடர்ஸும் போடாதீர்கள். விழுந்தால் உள்ளே தண்ணீர் நிறைவதைத் தடுப்பது அந்தப் பட்டைதான், பனி விட்ட ஏரியின் குளிரோ கையைச் சில நிமிடத்தில் மரக்க வைத்துவிடும்.

ஃப்ளோட் டியூப் தளர்கிறது

ஒரு ஆள் உட்கார்ந்து மிதக்கும் காற்று மிதவை இது. வீட்டுச் சூட்டில் ஊதிவிட்டு குளிர்ந்த ஏரியில் இறக்கினால் காற்று சுருங்கும், டியூப் தொய்யும். அது கசிவு அல்ல. நீரில் இறங்கிய பின் கொஞ்சம் ஊதுங்கள். மறுபடி கரையில் வெயிலில் போடுமுன் அதே அளவு திறந்துவிடுங்கள், இல்லையென்றால் தையல் வெடிக்கும்.

கசிவு உண்டா என்று அறிய, ஒரே சூட்டில் 24 மணி நேரம் ஊதி வையுங்கள். தளர்ந்தால் முதலில் வால்வில் சோப்பு நீர். குமிழி வந்தால் மண்ணைத் துடைத்து வளையத்தை மாற்றினால் முடிந்தது. இல்லையென்றால் உள் பையை உருவித் தொட்டியில் அமுக்குங்கள். துளை என்றால் ஒட்டு. தையல் ஓரம் பிளந்திருந்தால் உள் பையையே மாற்றுங்கள். லைஃப் ஜாக்கெட்டைப் பற்றிப் பேச்சே வேண்டாம், போட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாம் சரி, மீன் தொடவே இல்லை

*தண்ணீர் பழுப்பாக, தூசும் பாசித் துண்டும் மிதந்து, ஒரு மாதிரி வாடை அடிக்கிறதா?* ஏரி புரண்டுகொண்டிருக்கிறது. பனி விட்ட பின் மேல்நீர் 4 டிகிரியை எட்டும்போது மேலும் கீழும் ஒரே கனமாகி, காற்று அடித்தால் அடிநீர் முழுக்க மேலே கலந்துவிடும். கயிற்றில் கட்டிய வெப்பமானியை மேலே ஒரு தடவை, அடியில் ஒரு தடவை விடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் உறுதி. சில நாளிலிருந்து இரண்டு வாரம் வரை நீளும். இதற்கு ஃப்ளை மாற்றிப் பயனில்லை, ஏரியை மாற்றுங்கள். தாழ்ந்த ஏரி அநேகமாகப் புரண்டு தெளிந்திருக்கும்.

*தண்ணீர் தெளிவு, பக்கத்துப் படகுக்கு மீன் கிடைக்கிறது, உங்களுக்கு இல்லை:* ஆழம். வசந்தத்தில் இந்த மீன்கள் தின்பது பெரும்பாலும் கைரானமிட், கொசுவைப் போன்ற ஆனால் கடிக்காத பூச்சியின் கூட்டுப்புழு. அடித்தரைக்குச் சற்று மேலே அது தொங்கும் உயரத்தில்தான் மீன் உலாவும். ஒரு அடி மேலே போனால் ஃப்ளையை ஏறிட்டும் பார்க்காது. அளக்கும் முறை: ஃப்ளையில் இடுக்கிக் கத்தரியைக் கவ்விவிட்டு, படகோரமாக இறக்குங்கள். தரை தட்டியதும் தக்கையை நீர்மட்டத்துக்கு 30 சென்டிமீட்டர் கீழே நகர்த்திப் பொருத்துங்கள். கத்தரியை எடுத்ததும் ஃப்ளை தரைக்கு அதே 30 சென்டிமீட்டர் மேலே நிற்கும். 12 முதல் 16 எண் முள், கறுப்பிலும் சிவப்பு கலந்த பழுப்பிலும். பிறகு சும்மா இருங்கள். இழுப்பதைவிடக் காத்திருப்பதுதான் இங்கே கஷ்டமான வேலை.

கோலின் நீளத்தைவிட ஆழம் அதிகமென்றால் நழுவும் தக்கை வேண்டும். அசையாத தக்கை நுனி வளையத்தில் வந்து முட்டி நிற்க, மீன் இன்னும் ஐந்து மீட்டர் அடியில் இருக்கும், கைவலை எட்டாது.

*தக்கை பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே இருக்கிறது:* ஒற்றை நங்கூரத்தில் படகு ஊசலாடுகிறது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று போடுங்கள். தக்கை நின்ற இடத்தில் நின்றால்தான் கடி தெரியும்.

இத்தனையும் செய்து மதியம் வரை ஒன்றுமில்லையென்றால் ஊரிலுள்ள ஃப்ளை கடைக்குப் போய், எந்த ஏரி தெளிந்தது, எந்த ஆழம் என்று கேளுங்கள். இரண்டு ஃப்ளை வாங்கினால் போதும், உண்மையைச் சொல்வார்கள். கிளம்புமுன் படகின் அடைப்பானைக் கழற்றித் தண்ணீரை வடியவிடுங்கள். உரிமத்தின் தேதியையும் பாருங்கள்: அந்த மாகாணத்தில் ஆண்டு உரிமம் மார்ச் 31-ஓடு முடிகிறது, போன வருடத்தது ஏப்ரலில் செல்லாது.